வருங்கால ஆலோசனைச் சபை

மே மாதத்து வெயிலை அநாயாசமாகத் தாங்கிக்கொள்ளும் நெய்வேலி நகரியவாசிகள், அதே மாதத்தில் வெளிவரும் பிளஸ் டூ முடிவுகளைத் தாங்கமுடியாமல் தவிப்பதற்கு மதிப்பெண் காரணமன்று. அம்மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளை எதைப் படிக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தமக்கே உண்டென நம்பும் பெரியோர், இவ்வூரில் வட்டத்துக்கு வட்டம், தெருவுக்குத் தெரு வாசம்செய்வதே காரணம்.

சுரங்கத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் மெக்கானிக்கலே மோட்சமார்க்கம் என்பார்; அனல்மின் நிலையத்தில் காலங்கழித்தவர் எலெக்ட்ரிகலைத் தவிர ஏனையவை மாயை என்பார். இவர்கள் சிபாரிசு செய்வது தாம் படித்த படிப்பையன்று என்பதையும், தம்மை முந்திப் பதவி உயர்வு பெற்றுப் பெரிய குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன ஆசாமி படித்த படிப்பையே என்பதையும் நீண்டகால அவதானிப்பின் பயனாக நான் அறிந்துகொண்டேன்.

இச்சபையின் தீர்ப்புகள் காலத்துக்கேற்ப மாறியே வந்திருக்கின்றன. 1956இல் நிலக்கரி நிறுவனம் பிறந்து, 1957ஆம் ஆண்டு மே 20ஆம் தேதி நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, பின்னர் சோவியத் ஒத்துழைப்புடன் அனல்மின் நிலையம் எழும்பியபோது, ருஷ்ய பாஷை கற்றவனுக்கு உத்தியோகம் நிச்சயம் என்றார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். யூரியாத் தொழிற்சாலை வந்ததும் அவரே கெமிக்கலுக்கு மாறினார். அத்தொழிற்சாலை பிற்காலத்தில் மூடப்பட்டது. அவருடைய வாய் மட்டும் மூடப்படவில்லை. 1984இல் வந்த பொறியியல் நுழைவுத்தேர்வு 2007இல் விடைபெற்றுச் சென்றபின், கணிதத்துக்கு நூறும் பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பதுமாக 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் ஒன்றே மனிதனின் அடையாளமாகிவிட்டமையால், இப்போதெல்லாம் பையனின் பெயரைக் கேட்பதற்கு முன்பே அதைக் கேட்கிறார்கள்.

இத்தனை திட்டமிடும் ஊர், திட்டமேதும் இன்றிப் பிறந்தது என்பதுதான் விசித்திரம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோதுதான் கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. பின்னர் அந்தக் கறுப்பையே தேடி வந்த நிபுணர்களுக்கோ, பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழே பேரழுத்தத்துடன் காத்திருந்த நிலத்தடி நீர் எதிர்ப்பட்டது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தாலொழியச் சுரங்கத்தின் அடித்தளமே பொங்கி எழுந்துவிடும் என்பதால், கரி வெட்டக் கற்று வந்தவர்கள் நீரிறைக்கும் சாஸ்திரத்தையும் கற்கவேண்டியதாயிற்று. தண்ணீரை நாடியவருக்குக் கரியும் கரியை நாடியவருக்குத் தண்ணீரும் கிடைத்த இம்மண்ணில் நின்றுகொண்டு, பதினேழு வயதுப் பாலகன் ஒருவனின் அடுத்த நாற்பதாண்டு வாழ்வை ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் வரையறுத்துவிடத் துணிகிறவர்களின் தைரியத்தை நான் மெச்சுகிறேன்.

வரையறுத்தபடி வாழ்வு அமைவதில்லை என்பதற்கு என் விஷயமே சாட்சி. சிதம்பரத்தில் தாவர சாஸ்திரம் படித்தவன் நான். வாய்த்ததோ கன்வேயர் உதிரிச் சாமான்கள் அடுக்கிய கிடங்கின் கணக்கு. ஆயினும், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே தழைத்திருந்த விருட்சங்களே இன்று பழுப்பு நிலக்கரியாய்க் கிடக்கின்றன என்பதால், என் கல்வி வியர்த்தமாயிற்று என்று எவரும் சொல்லமுடியாது. நான் வந்துசேரச் சற்றுத் தாமதமாகிவிட்டது, அவ்வளவே.

சென்ற ஆண்டு எதிர்வீட்டுப் பையனுக்காகச் சபை கூடியபோது, அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், இங்க இருக்கிறவங்கள்ல படிச்ச படிப்பையே வேலையாப் பார்த்தவங்க யாரு?" என்றான். பௌதிகப் பட்டதாரி பணியாளர் பிரிவில் விடுப்பு விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர்; சிவில் எஞ்சினீயர் கொள்முதல் பிரிவில் டெண்டர் திறந்தவர். அனைவரும் சுவர்க் கடிகாரத்தில் திடீரென்று சிரத்தை கொண்டார்கள். குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய வந்து, கொல்லைப்புறக் கதவருகே நின்றிருந்த ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் மட்டுமே, "நான்தான் தம்பி. ஐ.டி.ஐ.யில பிட்டர் படிச்சேன், பிட்டராவே ரிட்டையரும் ஆனேன்" என்றார்.

எதைப் படிக்கலாம் என்று அதுவரை அவரை ஒருவரும் வினவியிருக்கவில்லை. பையன் வினவினான். "பாடத்துப் பேரு என்னவா வேணா இருக்கட்டும் தம்பி. எந்தக் காலேஜ்ல லேத்து ஓடுது, எந்தக் காலேஜ்ல துணி போட்டு மூடி வச்சிருக்கான்னு நேர்ல போய்ப் பார்த்துட்டுச் சேரு" என்று சொல்லிவிட்டு, அவர் குழாயைக் கவனிக்கப் போய்விட்டார்.

இந்த யோசனை செலவற்றதாகவும், எவருடைய பதவி உயர்வையும் நினைவூட்டாததாகவும் இருந்தமையால், சபை அதனைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.