பத்தாயிரம் லூமன் ரசம்

போன வாரம் கரண்ட் போனபோது சாப்பிட உட்கார்ந்திருந்தோம். “கவலைப்படாதீங்க மாமா” என்று தங்கை மகன் தன் புது டார்ச்சைக் கூரை பார்த்து நிறுத்தினான். பெட்டியில் 10,000 லூமன் என்று போட்டிருந்ததாம். நமக்கு அது போதாதா? எண் பெரிதாக இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிற ஆட்கள்தானே நாம். வெளிச்சம் என்ன நிறம் என்று யார் கேட்கிறோம்?

நீல நிறம். அவன் அதை வெள்ளை என்கிறான்.

தக்காளி ரசம் சேற்றுத் தண்ணீராகிவிட்டது. அதில் மிதந்தது கறிவேப்பிலையா, வேறு ஏதாவதா என்று விவாதம் நடந்தது. ஆவக்காய் ஊறுகாய் கறுப்பு. அத்தை நெற்றியில் குங்குமம் மைப்பொட்டாக நின்றது. எதிரே இருந்த மச்சானைப் பார்த்துப் பதறி, “ஹீமோகுளோபின் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, “நீங்க ஈ.சி.ஜி. எடுத்தீங்களா மச்சான்?” என்றார். அத்தை நாக்கை நீட்டி எல்லோருக்கும் காட்டினார். தங்கைக்குத் தைராய்டு என்று முடிவானது. பாட்டி யாரையும் கேட்காமல் தன் நகைகள் யார் யாருக்கு என்று சொல்ல ஆரம்பித்தார்; அட்டிகை வருவதற்குள் டார்ச் மங்கிவிட்டது. பேட்டரி தீரவில்லை. அத்தனை லூமனை அந்தச் சின்ன உடம்பு தாங்காது; சூடேறியதும் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்ட எண்ணுக்கு ஆயுள் அவ்வளவுதான். அட்டிகை விவகாரம் இன்னும் பாக்கி.

வெள்ளை எல்.ஈ.டி.க்குள் இருப்பது நீலச் சில்லு. மேலே பாஸ்பர் பூசி நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்கி, வெள்ளை என்று ஒப்பேற்றுகிறார்கள். நீல எல்.ஈ.டி.க்காக அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கொடுக்கட்டும், எங்கள் ரசத்தையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; பூச்சைக் குறைத்தால் 6500 கெல்வினில் நீலம் தூக்கலாக நிற்கும், லூமனும் ஏறும். கூட்டிப் பூசி, சிவப்புப் பாஸ்பரும் சேர்த்தால் 3000, 4000 கெல்வினுக்கு இறங்கி, மனுஷன் மனுஷனாகத் தெரிவான். லூமன் கொஞ்சம் குறையும். குறைந்தால் பெட்டியில் என்ன எண்ணைப் போடுவது?

நிறத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று நூற்றுக்கு ஒரு மார்க் உண்டு. அதிலும் தில்லுமுல்லு. எட்டு வெளிர் நிறங்களின் சராசரி அது. அடர்சிவப்பு ஒன்பதாவது, கணக்கில் வராது. பிள்ளை தோற்ற பாடத்தை விட்டுவிட்டு சராசரி சொல்கிற அப்பாவைப் போல. தக்காளி, மிளகாய், குங்குமம் எல்லாம் அந்த ஒன்பதாவதில்தான் இருக்கின்றன.

மறுநாள் கடையில் வார்ம் ஒயிட் டார்ச் கேட்டேன். “பேட்டரி இறங்கினா எல்லா டார்ச்சும் மஞ்சளாத்தான் சார் எரியும்” என்றார் கடைக்காரர். குண்டு பல்புக் காலத்திலேயே நின்றுவிட்ட மனிதர். 4000 கெல்வின், 90 சி.ஆர்.ஐ. என்றேன். உள்ளே திரும்பி, “தம்பி, சாருக்கு என்ன வேணும்னு பாரு” என்றார்.

நல்ல எல்.ஈ.டி.யைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இடம் தீர்ந்துவிட்டது. நீங்கள் எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை நடைப்பயிற்சியில் எதிரே வருகிறவன் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள். அது அநேகமாக நானாகத்தான் இருக்கும்.