ரெண்டரை மணி நேரத்த எவன் முழுங்குனான்?

ஏலே மக்கா, போன நோண்டுனது போதும், இங்கன வந்து உக்காரு. சென்னையிலருந்து சிங்கப்பூருக்கு 2,900 கிலோமீட்டரு, விமானத்து வேகம் மணிக்கு 900, வகுத்தா மூணேகால் மணி நேரம்னு சொல்லுத. பரீச்சையில பாசாயிருவ. ஆனா விமானம் ஓடுபாதையில நிக்கையிலயே 900-லயா நிக்கி? உருளணும், ஏறணும், எறங்கணும். சிங்கப்பூரு சாங்கி விமான நிலையத்துல எடமில்லன்னா மேலேயே வட்டமும் அடிக்கணும். அதான் அட்டவணையில நாலேகால், நாலரைன்னு போடுதான்.

இதாவது பரவால்ல. டிக்கெட்டு எடுத்த ஒருத்தன் எங்கிட்ட சொல்லுதான்: "தாத்தா, ராத்திரி 11.30-க்கு ஏறுனா காலையில 6.15-க்குச் சிங்கப்பூரு. ஆறேமுக்கால் மணி நேரம். திரும்பயில ராத்திரி 8-க்கு ஏறி 9.45-க்குச் சென்னையில எறங்கிருவேன். காத்து தள்ளிட்டு வந்துரும்லா!"

எந்தக் காத்துலே அது? ஒன் மாமன் சீதனமாக் குடுத்த காத்தா? சிங்கப்பூரு கடியாரம் நமக்கு ரெண்டரை மணி முந்தி ஓடுது. போகையில கூட்டிக் காட்டும், வரையில கழிச்சுக் காட்டும். எப்படிப் போட்டாலும் நாலேகால்தாம்லே.

இன்னொரு கூத்தும் உண்டு. 1982 பொறக்கையில மலேசியாக்காரன் கடியாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சான். சிங்கப்பூர்க்காரனும் கூடவே தள்ளிட்டான். அதுக்கு முந்தி நமக்கும் அவனுக்கும் ரெண்டே மணிதான் வித்தியாசம். அன்னைக்கு ராத்திரி வங்காள விரிகுடா அகலமாயிட்டா?

எங்க காலத்துல சிங்கப்பூருக்குச் 'சிதம்பரம்'னு ஒரு கப்பலு ஓடுச்சு. ஒரு வாரம் கடல்ல கெடக்கணும். 1985-ல தீப்பிடிச்சு அதோட சரி. அதுல போனவன் எவனும் கிலோமீட்டர் கேக்கல. வாந்தி என்னைக்கு நிக்கும்னுதான் கேட்டான்.

சரி, ஒன் கணக்குக்கே வாரேன். திருநெல்வேலியிலருந்து எழும்பூருக்கு 650 கிலோமீட்டரு. ராத்திரி ரயில்ல பத்து மணி நேரத்துக்கு மேல. அங்கருந்து மீனம்பாக்கம் விமான நிலையம். மூணு மணி நேரம் முந்தியே போயி வரிசையில நின்னு, பெல்ட்டக் கழட்டி, வேட்டிய மட்டும் விட்டுவச்சானேன்னு கும்பிட்டு உள்ள போகணும். அங்க எறங்குனா மறுபடி வரிசை, பொட்டிக்குக் காவலு. இதெல்லாம் ஒன் போனு காட்டுதா? பந்தியில உக்காந்தத மட்டும் எண்ணிட்டு, கல்யாணம் அரை மணி நேரந்தான்னு சொல்லுத கதையால்லா இருக்கு! தூரத்துல பாதிக்குப் பாதி கூட வராத சென்னைக்கு ஒரு ராத்திரி போவுது. நீ என்னன்னா, நாலு மணி நேரத்துல சிங்கப்பூருன்னு தெரு முழுக்கப் பீத்திட்டுத் திரியுத.

போயிட்டு வா ராசா, நல்லாரு. திரும்பி வாரப்போ ரயிலு எத்தன மணிக்கு வரும்னு மட்டும் சொல்லு, வண்டி கொண்டாரேன். சிங்கப்பூர் மணியில சொன்னியோ, சங்ஷன்லருந்து நடந்துதான் வரணும்.