பதினைந்தாவது படையெடுப்பு

பிரிட்டனும் பிரான்சும் போட்டி போட்டதில் செயின்ட் லூசியா என்ற கரீபியன் தீவு 14 முறை கைமாறியது. 1814 பாரிஸ் ஒப்பந்தத்தோடு அந்த இழுபறி தீர்ந்தது என்பார்கள். தீரவில்லை. கப்பல் சீசனில் காலை எட்டு மணிக்குக் காஸ்ட்ரீஸ் துறையில் அரைக்கால் சட்டையும், கழுத்தில் தொங்கும் கப்பல் அட்டையும், மூக்கில் திட்டுத்திட்டாக வெயில் களிம்புமாக ஒருவர் இறங்குகிறார். நாலரை மணிக்குள் தீவை முழுசாகப் பிடித்துவிட்டுக் கப்பலேற வேண்டும்.

மேலோட்டமான ஆள், ரசனை கிடையாது என்று இவரைக் கேலி செய்வது வழக்கம். அநியாயம். ரசனை இருக்கிறது; அதற்கு மேலே ஒரு பயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அவர் செய்யும் எல்லாக் கோமாளித்தனத்துக்கும் மூலம் இதுதான். பயம் பொய்யும் அல்ல. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே டாக்சி பிடித்துப் போனால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் நீங்களே வந்து சேர வேண்டியதுதான். ஆக, அதே மலையைப் பார்க்க அவர் கூடுதலாகக் கொடுக்கும் காசு மலைக்கான காசு இல்லை, நிம்மதிக்கான காசு. பயத்தையும் அதற்கு மருந்தையும் ஒரே கவுன்டரில் விற்கும் வியாபாரம் உலகத்தில் அதிகம் கிடையாது. (கடைசி நிமிஷத்தில் துறையில் மூச்சிரைக்க ஓடி வருபவர்களை மேல்தளத்திலிருந்து கைதட்டி உற்சாகப்படுத்துவார்கள். ஓடுவது நாமில்லை என்ற சந்தோஷம்தான் அதில் பாதி.)

காஸ்ட்ரீஸிலிருந்து சூஃப்ரியர் என்ற ஊருக்குப் போகிற சாலை வளைந்து வளைந்து மலையேறி இறங்கும்; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே கடலோரத்திலிருந்து நேராக 700 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கின்றன இரண்டு பிட்டன் சிகரங்கள். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. வேன் நிற்கிறது. நம்மவர் இறங்கி, சிகரங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறார். அடுத்தது, வண்டியிலேயே போய்ப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் எரிமலை. கந்தக நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உடம்பெல்லாம் சேறு பூசிக்கொள்கிறார். சேறு காய்வதற்குள், திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று டிரைவரிடம் மூன்று முறை கேட்டாயிற்று. போதாக்குறைக்கு, கையில் ஓடுவது கப்பல் மணியா ஊர் மணியா என்ற சந்தேகம் வேறு.

அவர் வருவதால்தானே தீவு பிழைக்கிறது என்று கேட்கலாம். டிரைவருக்கும் மசாலா விற்கும் அம்மாளுக்கும் வருமானம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாடு கப்பல் டிக்கெட்டிலேயே அடங்கிவிட்டது. வெளியே சாப்பிட்டால் இரட்டைச் செலவு என்று பசியை அடக்கிக்கொண்டு கப்பலுக்கே திரும்புகிறார். வழியில் நின்றால் அது வைரக் கடை. அதே வைரத்தை அடுத்த துறைமுகத்திலும் வாங்கலாம்.

எட்டு மணி நேரத்தில் வேறு என்னதான் செய்ய முடியும் என்பது அடுத்த கேள்வி. ஒரு தீவுக்கு அது போதாது, ஓர் இடத்துக்குத் தாராளம். 1859 முதல் கூலி வேலைக்கு வந்த இந்தியர்களின் சுவடாக ரொட்டி அங்கே இன்றும் தெருவோரச் சாப்பாடு. பச்சை வாழைக்காயும் உப்புமீனும்தான் தேசிய உணவு. காஸ்ட்ரீஸ் சந்தை கப்பல் துறைக்குப் பக்கம். இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத இந்தத் தீவுக்கு நோபல் வாங்கித் தந்த இருவரில் ஒருவரான டெரெக் வால்காட்டின் பெயர் தாங்கிய சதுக்கமும் அந்த ஊரிலேயே. அங்கே போய் உட்கார்ந்தால் கப்பலைத் தவறவிடவே முடியாது; பயத்துக்கு வேலையே இல்லை. பிறகு ஏன் போகவில்லை? ராத்திரி கப்பலில் பக்கத்து மேஜைக்காரர், “எரிமலை பார்த்தீங்களா?” என்று கேட்பார். “இல்லீங்க, சந்தையில உட்கார்ந்து வாழைக்காய் சாப்பிட்டேன்” என்று சொல்ல, எரிமலைக்குப் போவதைவிடப் பெரிய தைரியம் வேண்டியிருக்கிறது.