செவியாவில் கேட்காத செவி

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவின் தலைநகரை வெளியார் செவில் என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது செவியா. ஊர்ப் பெயரிலேயே செவி இருக்கிறது. சென்னையிலிருந்து போன நண்பருக்குத்தான் அது கைகொடுக்கவில்லை.

நண்பர் சாமானியர் அல்ல. எட்டு மாதம் கைப்பேசிச் செயலியில் ஸ்பானிஷ் படித்து, வினைச்சொற்களைப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பவர். காபிக்கடைப் பையன் கேட்டான்: "பா தோமா அகீ, ஓ பா யேவா?" நண்பர் சிரித்த முகத்தோடு "சீ" என்றார். ஸ்பானிஷில் "சீ" என்றால் ஆமாம். (நம்மூரில் சொல்லியிருந்தால் காபி மேலே விழுந்திருக்கும்.) பையன் மறுபடி கேட்டான். மறுபடியும் "சீ".

அவன் கேட்டது இதுதான்: இங்கேயே குடிக்கிறீங்களா, பார்சலா?

புத்தகத்தில் இது "பாரா தோமார் அகீ, ஓ பாரா யேவார்". பேச்சில் "பாரா" தேய்ந்து "பா" ஆகிவிடும். சொல்லின் கடைசியில் வரும் "ர்", "ஸ்" இரண்டையும் அந்தலூசியாக்காரர்கள் காபியோடு சேர்த்து விழுங்கிவிடுவார்கள். களைத்தவன் என்னும் "கன்சாதோ", "கன்சாவோ" ஆகும். பேசப்போகிறான் என்னும் "வா ஆ ஆப்லார்", "வாப்லா" என்று கூட்டுக்குடும்பமாகிவிடும்.

வேகம் வேறு. 2011இல் பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஆங்கிலம் நொடிக்கு 6.19 அசை, ஸ்பானிஷ் 7.82. ஓர் அசை சுமக்கும் செய்தி ஸ்பானிஷில் குறைவு. அதனால் நடை கூடுகிறது. நண்பர் முதல் அசையை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பையன் அடுத்த மேசைக்குப் போயிருப்பான்.

குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. "வந்துகொண்டிருக்கிறான்" என்று எழுதிவிட்டு "வந்துட்ருக்கான்" என்று சொல்கிறவர்கள்தானே நாம்!

மருந்தாக "மணி ஹைஸ்ட்" என்ற ஸ்பானிஷ் தொடரை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தார். கண் எல்லாவற்றையும் படித்துவிட்டது. காது வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் சமைக்கும்போதும் குளிக்கும்போதும் வானொலி. தண்ணீர்ச் சத்தம்தான் தெளிவாகக் கேட்டது.

பலித்தது ஒரு சின்னக் காரியம். 2012இல் தொடங்கிய "ரேடியோ அம்புலாந்தே" என்ற பாட்காஸ்டில் லத்தீன் அமெரிக்கக் கதைகள் வரும். பேசியது முழுக்க எழுத்திலும் கிடைக்கும். அதில் இரண்டே நிமிடத்தை நான்கு தடவை கேட்டு, கேட்டபடியே எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தார். கோட்டைவிட்டவற்றில் தெரியாத சொற்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நன்றாகத் தெரிந்த சொற்கள், வாலறுந்து வந்ததால் அடையாளம் தெரியவில்லை. நாளுக்கு இரண்டு நிமிடம், மூன்று மாதம்.

மறுபடி அதே கடை. "அர்கோ மா?" என்றான் பையன். அதாவது "ஆல்கோ மாஸ்", வேறேதாவது வேணுமா? "நா மா" என்று நண்பரும் வாலை நறுக்கினார். "நாதா மாஸ்", ஒன்றும் வேண்டாம்.

பையன் கணக்குப் போட்டுத் தொகையைச் சொன்னான். அதை மட்டும் நண்பர் பில்லில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.