மகிழடிச் சத்தியம்

ஒரே நாளில் பக்தியும் அரசியலும் பார்க்க மயிலாப்பூர், மெரினா என்று தெற்கே போவது சென்னையின் வழக்கம். வடக்கிலும் இரண்டும் உண்டு. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில்தான். பார்சிகளின் தீக்கோயிலும் அங்கேயே. ஆனால் கட்சி பிறந்த இடத்தைவிடத் தலைவர்கள் அடங்கிய இடத்துக்கே நமக்கு ஈர்ப்பு அதிகம்.

தூரம் என்பார்கள்; 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. தூசி, கன்டெய்னர் லாரி என்பார்கள். உண்மை, அவையும் காட்சிப் பொருள்களே. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் 'பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த சுந்தரர், ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். அந்தச் சட்டம் காலாவதி என்று வாதிடலாம். அப்படியொன்றும் இல்லை, தேர்தலுக்கு வந்து வாக்குறுதி தந்துபோகும் பிரமுகர்களுக்கும் எல்லை தாண்டியதும் எண்ணூர் தெரிவதில்லை. 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் படர்ந்து, அதே மாதம் அமோனியாவும் கசிந்தபோது கொஞ்ச நாள் தெரிந்தது. சுந்தரர் ஒரு கண்ணுக்குக் காஞ்சியும் மறு கண்ணுக்குத் திருவாரூரும் போக வேண்டியிருந்தது. இவர்களுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை இரண்டும் ஒன்றாகவே கிடைத்துவிடுகின்றன.