இரண்டு அட்டை ஸ்காலர்

தரமணிப் பக்கம் டீக்கடையில் கழுத்தில் இரண்டு அடையாள அட்டையோடு ஒருவர் நின்றால் சந்தேகமே வேண்டாம், கம்பெனி பிராஜெக்ட்டில் பிஎச்.டி. செய்கிறவர். இந்தியாவில் பல்கலைக்கழகம் சார்ந்து வந்த முதல் ஆராய்ச்சிப் பூங்காவை 2010-இல் சென்னை ஐஐடி அங்கே தொடங்கியது முதல் இந்த இனம் பெருகிவிட்டது. பாதியை அரசும் பாதியைக் கம்பெனியும் கொடுக்கிற, பிரதமர் பெயரிலான உதவித்தொகைகூட உண்டு. பணம்தான் பாதிப் பாதி. வேலை இரண்டு பக்கமும் முழுசு.

நம்மவருக்குப் பேட்டரி ஆராய்ச்சி. காயின் செல்லில் சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கொள்ளளவு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார். 100 சதவீதத்தில் தொடங்கியது 90-க்கு வந்து நிற்கிறது என்று வையுங்கள். கைடுக்குக் காட்டும் கிராஃபில் செங்குத்து அச்சு 85-இல் தொடங்கும்; கோடு தடாலென்று விழும். "அருமை! ஏன் விழுதுன்னு கண்டுபிடிச்சா ஒரு சாப்டரே தேறும்" என்பார் கைடு. கம்பெனி ரிவியூவில் அதே எண்கள்தான், அச்சு மட்டும் பூஜ்யத்தில் தொடங்கும். கோடு மெரினா மணல் மாதிரி படுத்துக் கிடக்கும். "ஸ்டேபிளா இருக்கே, எப்ப பிளான்ட்டுக்குக் கொண்டு போகலாம்?" இதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் விசேஷம்.

பிளான்ட்டுக்குப் போனால் வேறு பாடம். பீக்கரில் வெண்ணெயாகக் கலந்த எலக்ட்ரோடு குழம்பு பெரிய மிக்சரில் கட்டிதட்டும். அதைச் சொல்லிக்கொடுப்பவர் டிப்ளமோ படித்த ஆபரேட்டர். எந்தப் பேப்பரிலும் அது கிடையாது.

நம்மவராவது ஒரு பேப்பர் எழுதலாம் என்றால், முதலில் காப்புரிமை விண்ணப்பம் போகட்டும் என்பார்கள். நியாயம்தான், அதற்கு முன் வெளியே விட்டால் புதுமை போச்சு. ஆனால் வக்கீல் வரைவைத் திருத்தி அனுப்புவதற்குள் சீனாக்காரர் இரண்டு பேப்பர் போட்டுவிடுகிறாரே!

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கல்யாண வீட்டில் படும் பாடு தனி.

"என்னப்பா ஆராய்ச்சி பண்றே?"

"அதை வெளிய சொல்லக் கூடாது சித்தப்பா."

"ராணுவமா?"

"இல்ல, பேட்டரி."

"அதுக்கா இவ்வளவு? நம்ம கடைவீதியிலேயே வாரண்டியோட குடுக்கறானே!"

இதற்கிடையில் கம்பெனியில் மேனேஜர் மாறுவார். புதியவருக்கு ஹைட்ரஜன்தான் பிடிக்கும். நாலு அத்தியாயம் பேட்டரியாக ஓட்டியவர், தலைப்பில் 'ஆற்றல் சேமிப்பு' என்று பொதுவாக வைத்த புண்ணியத்தில் தப்பிப்பார்.

இப்போது அவர் சீனியர். புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்போடு வந்து, "அண்ணா, அச்சை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்கிறான்.

"மீட்டிங் யாரோட?"