குறைந்த வோல்டேஜும் கோபித்துக்கொண்ட வெந்நீரும்

கேள்வி: மாலையில் வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கிவிடுகிறது. கால்வாசிகூடக் குறையவில்லை, ஆனால் 1500 வாட் ஹீட்டர் ராடு தண்ணீரைச் சுட வைக்க ஒரு மாமாங்கம் ஆகிறதே! கரண்ட் பில்லாவது மிச்சமாகுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: குறைவது ஒன்றல்ல, இரண்டு! வோல்ட்டும் ஆம்பியரும் ஜோடி பிரியாத தம்பதி. ஒருவர் இறங்கினால் மற்றவரும் கூடவே இறங்கிவிடுவார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். அதே 230-ஐ இந்த 6.5-ஆல் வகுத்தால் ராடின் மின்தடை, சுமார் 35 ஓம். அது பெரும்பாலும் மாறாது. ஆகவே 180 வோல்ட்டில் ஓடுவது 5.1 ஆம்பியர்தான். இரண்டையும் பெருக்குங்கள்: 918 வாட்! ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ் போனதற்கு, ஐந்தில் இரண்டு பங்கு சூடு போய்விட்டது.

இந்தக் கணக்கை 1827-இல் நூலாக வெளியிட்ட ஜார்ஜ் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது சோதனைகள் செய்தவர். சொந்த நாட்டில் வரவேற்பில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் தந்தது. ஒரு வாத்தியார் உலகத்துக்கே நடத்திய பாடம் இது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பில் மிச்சமாகாது. ஒரு வாளித் தண்ணீருக்கு வேண்டிய சூடு அதேதான். 10 நிமிட வேலை 16 நிமிடத்துக்கு மேல் இழுக்கும்.

ஒரு வேண்டுகோள்: 6.5 ஆம்பியர் இழுக்கும் ராடை 6 ஆம்பியர் பாயிண்டில் செருகாதீர்கள்; 16 ஆம்பியர் பாயிண்டே வேண்டும். சூடு பார்க்க விரல் விடும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள்.